செகண்ட்ஸில் போன விண்மீன் மண்டலம்

சண்முகசுந்தரி யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. "ச்சு" என்பாள். அவ்வளவுதான். ஆவுடையப்பன் அண்ணாச்சியின் தறிக்கூடத்தில் இருபத்திநாலு விசைத்தறியும் ஒரே நேரத்தில் தடதடத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். ஆனால் ஜன்னலோரத்தில் சுந்தரி நாக்கைத் தட்டினால் கடைசித் தறிக்காரர் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். யாருடைய சேலையோ டேமேஜ் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சுந்தரிக்கு நாற்பத்து மூன்று வயது. பதின்மூன்று வருஷமாகச் சங்கரன்கோவிலில் சேலை செக்கிங் பார்க்கிறாள். ஜன்னலுக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பு கட்டியிருக்கும். நெய்து வந்த சேலையை அதன்மேல் போட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி கெஜம் கெஜமாகக் கீழே இழுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அங்கங்கே நிறுத்தி உற்றுப் பார்ப்பார்கள். சுந்தரி நிறுத்தவே மாட்டாள். கண்ணை நிறுத்தினால் மண்டை யோசிக்க ஆரம்பித்துவிடும், மண்டை யோசித்தால் இரக்கம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. துணி பாட்டுக்கு ஓடும், அவள் பக்கத்தில் சேலை மடிக்கிற மஹ்பூபாவோடு ரேஷன் கடைக் கதை பேசிக்கொண்டிருப்பாள், நடுவில் "ச்சு". சாக்பீஸ் கோடு விழும். கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத டேமேஜ் ஒன்று உண்டு. கரண்ட் போய்த் தறி நின்று, திரும்ப ஓட ஆரம்பிக்கிற இடத்தில் குறுக்கிழையான ஊடையின் நெருக்கம் மாறி, சேலைக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விழும். இழை அறுந்தால் கோத்துவிடலாம், எண்ணெய்க் கறை பட்டால் கழுவிவிடலாம். இந்தக் கோட்டை ஒன்றும் செய்ய முடியாது. செகண்ட்ஸ்தான், பாதி விலைக்குப் போகிற ரெண்டாந்தரம். அதிலும் நல்ல பூ டிசைனின் நடுவில் அந்தக் கோடு விழுந்துவிட்டால், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த கெஜத்தை இழுப்பாள்.

தறிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒதுக்கிய சேலையை மடிப்பை மாற்றி, தலைப்பைத் திருப்பி, மறுநாள் வேறு அடுக்கில் செருகிக் கொண்டுவருவார்கள். சுந்தரி கம்பில் போட்டதும் கொண்டுவந்த தறிக்காரரிடம் சொல்வாள்: "இது நேத்தே வந்துட்டுப் போயிட்டு அண்ணாச்சி. சொகமா இருக்கான்னு பாக்க வந்துச்சா?"

வீட்டுக்காரர் ஆறுமுகச்சாமி புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ லோடு ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கிற நாளிலும் ரிவர்ஸில் வருகிற வண்டிக்குச் சைகை காட்டுகிற மாதிரிதான் பேசுவார்: சோறு போடும்போது "வரட்டும், வரட்டும், வரட்டும், போதும்." ஒரே மகள் இசக்கிச்செல்வி. திருநெல்வேலியில் ஒரு காலேஜில் பிஸிக்ஸ் மூன்றாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். செல்வி பேசினால், பஸ் கிளம்பும்போது கண்டக்டர் ஊர் பேர் சொல்வதுபோல இருக்கும். நடுவில் உள்ள ஊரெல்லாம் காதில் விழாது. கடைசி ஊர் மட்டும் விழும்.

இந்த விவகாரம் தொடங்கியதே அந்தப் பேச்சால்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்வி வீட்டுக்குள் வந்து, பையைக் கட்டிலில் எறிந்து, ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னாள். தெற்கு வானத்தில் எடுத்த அறுநூறு போட்டோ. ஒவ்வொன்றிலும் ஒரு கேலக்சி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த ஒரு கூட்டம். போனில் ஒவ்வொரு படமாக வரும்; அது என்ன வடிவம் என்று பார்த்துப் பட்டனை அமுக்க வேண்டும். கோகிலா மேடம் வகுப்பில் நாற்பது பேருக்கும் இதே வேலை. ஒழுங்காகச் செய்கிற பத்துப் பேரை கோடை லீவில் ஒரு மாசம் மலைமேல் இருக்கிற தொலைநோக்கி நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். செல்வி அந்த ஒரு மாசத்தைப் பற்றி முதல் வருஷத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள். கெடு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அவள் அதுவரை பார்த்து முடித்த படங்கள் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் கபடி மேட்ச். அவள் இல்லாவிட்டால் டீமில் ஆறு பேர்தான்.

சுந்தரி கேட்டது ஒரே கேள்வி: "படம் பாத்துப் பிரிக்கிறதுதானட்டி? அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

மறுநாள் காலை செல்வி அம்மாவின் போனில் தன் லாகினைப் போட்டு மூன்று பட்டனையும் காட்டினாள். முதல் பட்டன், உருண்டை. ரெண்டாவது, சுருள். படம் சரியில்லை என்றால் மூன்றாவது. சுருளை அமுக்கினால் இங்கிலீஷில் இன்னொரு கேள்வி வரும். அதற்கு "இல்லை" போட்டுவிட்டுப் போய்விடலாம், எதற்கும் சந்தேகம் என்றால் போன் பண்ணு. இதையெல்லாம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள். அந்த இன்னொரு கேள்வி என்ன என்பது கண்டக்டர் சொல்லாமல் விட்ட ஊர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குச் சுந்தரி போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். முதல் பத்துப் படம் கொஞ்சம் தடுமாற்றம். அப்புறம் கை பழகிவிட்டது. உருண்டை, உருண்டை, சுருள், உருண்டை. சேலையில் பூ போடுகிறவனுக்கு இந்தச் சுருளெல்லாம் வரைய வராது என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டு ரெண்டு கையாக வளைந்து, ஓரத்தில் பொடிப்பொடியாக நீலம் தெறித்து, நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. என்ன கைவேலை.

நாற்பதாவது படம் வந்தபோது கை நின்றுவிட்டது. பதின்மூன்று வருஷத்தில் நிற்காத கை.

பெரிய சுருள். ரெண்டே ரெண்டு கை, அகலமாக, கோலத்தில் கடைசி இழையை இழுத்து விடுவதுபோல. அதுவரை வந்ததிலேயே அழகு அதுதான். ஆனால் நடுவில், பொட்டுக்குக் குறுக்கே, இந்தக் கையின் அடியிலிருந்து அந்தக் கையின் அடி வரைக்கும், நீளமாக ஒரு கோடு.

"ச்சு," என்றாள் சுந்தரி. எங்கேயோ கரண்ட் போயிருக்கிறது. மூன்றாவது பட்டன்.

அதற்கப்புறம் அந்தக் கோடு அடிக்கடி வந்தது. சிலதில் தடித்து, சிலதில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணாமூச்சி ஆடிக்கொண்டு. சுந்தரியிடமா? அத்தனையும் மூன்றாவது பட்டன். சந்தேகம் வந்தால் செகண்ட்ஸ். அவள் மேஜையின் சட்டமே அதுதான். நூற்று ஐம்பதாவதில் முதலில் பார்த்த அதே பெரிய சுருள் தலைகீழாக வந்தது. இருநூற்றுச் சொச்சத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி வந்தது. அப்புறம் ஒருமுறை சிறிதாக. அப்புறம் ஒருமுறை மங்கலாக. ஐந்தாவது முறை வந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. மடிப்பை மாற்றிக் கொண்டுவந்தால் தெரியாது என்று எல்லா ஊரிலும் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆறரை மணிக்கு அறுநூறும் முடிந்தது. கோவில்பட்டியில் செல்வியின் டீம் ரெண்டு பாயிண்டில் தோற்றது. அம்மாவும் மகளும் போனில் பேசி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் தறிக்கூடத்தில் சுந்தரியின் போன் அடித்தது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்தாள். செல்வி அழுகிறாளா ஓடுகிறாளா என்று முதலில் புரியவில்லை.

கோகிலா மேடம் செல்வியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். யார் கவனமாகப் பார்க்கிறார்கள், யார் சும்மா அமுக்கித் தள்ளுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, அறுநூறுக்குள் ஒரே படத்தை ஐந்து விதமாகத் திருப்பி ஒளித்து வைத்திருந்தாராம். அந்த வகையிலேயே பெரிய பேர் வாங்கிய படம். தெரியாதவன்கூட மூன்று முறையாவது சரியாகப் போட்டுவிடுவான். செல்வியின் பேரில் ஐந்தும் தப்பு. ஐந்தும் "படம் சரியில்லை".

"அதுல கோடு கிடந்துதட்டி," என்றாள் சுந்தரி.

"எம்மா, அந்தக் கோடுதாம்மா விசேஷமே. அது கேலக்சியோட பட்டை. நட்சத்திரமே அப்படி வரிசையா நிக்கும். சுருளை அமுக்குனா பட்டை இருக்கா இல்லையான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் நான்..." செல்வி நிறுத்தினாள். அதைச் சொல்லாமல் விட்டது யார் என்று அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது நிலைமை இது. நாளைக்குச் சாயங்காலம் பத்துப் பேர் பட்டியல் முடிவாகும். கவனமில்லாமல் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் செல்வியின் பேர் போய்விடும். அம்மாதான் செய்தாள் என்று சொன்னால், அடுத்தவரை வைத்துச் செய்த குற்றத்துக்குப் பேரும் போகும், மானமும் போகும். கவனமில்லை என்றே சொல்லிவிடுகிறேன் என்றாள் செல்வி. நீ வராதே என்றாள்.

சுந்தரி உள்ளே வந்து கம்பின் முன்னால் நின்றாள். சேலை ஓடவில்லை. மஹ்பூபா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எத்தனை படத்தை ஒதுக்கினாய் என்று மஹ்பூபா கேட்க, நூற்று எண்பத்தேழு என்றாள். முடிவில் போனே கணக்குக் காட்டியிருந்தது.

"எக்கா," என்றாள் மஹ்பூபா, "நீ சேலையத்தான் செகண்ட்ஸ்ல போடுவேன்னு நெனச்சேன். அல்லா படைச்ச வானத்தையுமா?"

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு கம்பிலிருந்த சேலையை இறக்கி வைத்தாள். டேமேஜை விட்டுவிடுவது ஒரு தப்பு. நல்ல துணியை டேமேஜ் என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தப்பு. நெய்தவனின் உழைப்பு போய்விடும். தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செக்கிங் முடிந்த ஒவ்வொரு சேலையிலும் பார்த்தவளின் நம்பர் எழுதிய சீட்டைச் செருக வேண்டும். வியாபாரியிடமிருந்து புகார் வந்தால் அந்த நம்பர்க்காரிதான் போய்ப் பதில் சொல்ல வேண்டும். நெய்தவரோ மடித்தவரோ முன்னால் வரக்கூடாது. சுந்தரியின் நம்பர் ஏழு. அறுநூறு படத்தையும் பார்த்தது ஏழாம் நம்பர். பதில் சொல்லப் போவது வேறொருத்தியா?

லீவு கேட்க அண்ணாச்சியிடம் போனாள். ஆவுடையப்பன் அண்ணாச்சியின் குரல் கரண்ட் வந்த பிறகு ஸ்டார்ட் ஆகிற பழைய தறி: முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் ஒரு இழுப்பு, அப்புறம்தான் வார்த்தை. எதற்கு லீவு என்றார். நல்ல சரக்கைத் தெரியாமல் ஒதுக்கிவிட்டேன், நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். எத்தனை பீஸ் என்றார். சொன்னாள். அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன்னுடைய சரக்கில்லை, வானத்துச் சரக்கு என்று புரியவைத்து, தண்ணீர் கொடுத்து எழுப்பியது மஹ்பூபா. லீவு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலி பஸ். காலேஜ் கேட்டில் அம்மாவைப் பார்த்ததும் செல்வி கபடியில் பிடிபட்டவள் மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்தாள். ஓட வழியில்லை. ரெண்டு பேரும் கோகிலா மேடம் அறைக்குப் போனார்கள்.

கோகிலா மேடத்துக்கு மெல்லிய குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு "ம்?" வைப்பார், புரிந்ததா என்று பார்க்க. உட்காருங்கம்மா, ம்? தண்ணி குடிங்க, ம்?

சுந்தரி உட்காரவில்லை. "மேடம், அந்த அறுநூறு படத்தையும் பாத்தது நான்தான். எம்மவ கபடிக்குப் போயிட்டா. அவளை என்ன செய்யணுமோ அது உங்க இஷ்டம். ஆனா படத்துல நடந்த தப்புக்கு என்னையக் கேளுங்க."

மேடம் செல்வியைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தாள். எவ்வளவு நேரத்தில் பார்த்தீர்கள் என்று மேடம் கேட்டார். நாலரை மணி நேரம் என்றாள் சுந்தரி. ஏன் நூற்று எண்பத்தேழு படத்தை ஒதுக்கினீர்கள் என்றார். சுந்தரி தறியைப் பற்றிச் சொன்னாள். கரண்ட் போவது, ஊடை நெருக்கம் மாறுவது, குறுக்குக் கோடு, செகண்ட்ஸ். ஐந்து தடவை மடிப்பை மாற்றிக் கொண்டுவந்ததையும் சொன்னாள். அதுவரை கடுகடுவென்று இருந்த மேடம் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒதுக்கிய நூற்று எண்பத்தேழில் பதினொன்று உண்மையிலேயே கெட்டுப்போன படம். மிச்சம் நூற்று எழுபத்தாறும் நடுவில் பட்டை உள்ள சுருள் மண்டலங்கள். அறுநூறிலும் பட்டை உள்ளவை மொத்தமே நூற்று எழுபத்தாறுதான்.

"ஒண்ணுகூட விடலை, ம்? என் ஸ்டூடண்ட்ஸ்ல மத்த எல்லாருமே இருபதுக்குக் குறையாம விட்டிருக்காங்க. நீங்க எல்லாத்தையும் சரியாக் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் தப்பான டப்பாவுல போட்டிருக்கீங்க."

பாராட்டா திட்டா என்று தெரியாமல் சுந்தரி பொதுவாகத் தலையாட்டி வைத்தாள்.

மேடம் அந்தப் பெரிய சுருளைத் திரை நிறையத் திறந்தார். வானியல் பட்டியலில் அதற்கு என்.ஜி.சி. ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து என்று நம்பர். தை மாசத்தில் இருட்டியதும் தெற்கே பார்த்து நின்றால், உலை என்று சொல்கிற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அங்கேயிருந்து வெளிச்சம் கிளம்பி இங்கே வந்து சேரவே ஏறக்குறைய ஆறு கோடி வருஷம் ஆகும். சுருள் மண்டலங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிப் பட்டை உண்டு. நாம் இருக்கிற பால்வெளி மண்டலத்துக்கே உண்டு.

"அப்போ நம்ம வீட்டு போட்டோ வந்திருந்தாலும் செகண்ட்ஸ்லதான் போட்டிருப்பேனா?"

"கண்டிப்பா."

"ச்சு," என்றாள் சுந்தரி. அவள் தன்னைப் பார்த்துத் தட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் அவளுக்கு ஒன்று பிடிபடவில்லை. துணியில் கோடு விழுந்தால் தறி நின்றது என்று அர்த்தம். அங்கே எது நின்றது? எதுவும் நிற்கவில்லை என்றார் மேடம். எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அந்தப் பட்டையும் சேர்ந்து சுற்றுகிறது. சுந்தரி திரையில் அந்தப் பட்டையின்மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கேட்டாள்:

"எங்க ஊர்ல ஆடித்தபசுக்கு முன்னால கோயில்ல கொடிமரத்தைச் சுத்துவோம் மேடம். நூத்தியெட்டு, ஆயிரத்தெட்டுன்னு நேந்துக்கிட்டு ஊரே சுத்தும். கூட்டத்துல பிரிஞ்சிரக் கூடாதுன்னு ஒரு குடும்பம் வரிசையா கையக் கோத்துக்கிடும். கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசைன்னு வச்சுக்கிடுங்க. மேல இருந்து பாத்தா நடுவுல ஒரு கம்பு சுத்துத மாதிரி இருக்கும். வரிசையோட நுனியில மத்த கூட்டம் வளைஞ்சு வளைஞ்சு பின்னால வரும். அப்படியா?"

மேடம் பேனாவைக் கையில் எடுத்தார். நட்சத்திரங்கள் கை கோப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் பாதையில் நீள்வட்டமாகப் போகிறது, அந்தப் பாதைகளெல்லாம் ஒரே பக்கமாக நீண்டு இருப்பதால் வரிசை கலையாமல் நிற்கிறது என்று திருத்தினார். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். சொல்லிவிட்டு ஒரு சீட்டில் "கொடிமரம்" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு முகம் மாறியது. அம்மாவின் கண் நல்ல கண், அது வேறு விஷயம். செல்வி வேலையைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம். அந்த அறுநூறு படத்துப் பதிலும் ரத்து. ஆனால் மறைக்காமல் வந்து சொன்னதற்காக ஒரே ஒரு வாய்ப்பு: புதிதாக நூறு படம், இப்போதே, லேபில், அவர் கண் முன்னால். தொண்ணூற்றைந்து சரியாக வந்தால் பத்தில் செல்வி இருப்பாள். ஒன்று குறைந்தாலும் கிடையாது.

சுந்தரியும் பக்கத்து கம்ப்யூட்டரில் அதே நூறைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆசைதான், வேறொன்றுமில்லை. மேடம் சரி என்றார். பேசக்கூடாது, நாக்கைத் தட்டவும் கூடாது.

சுந்தரி ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை பட்டையைக் கண்ட இடத்திலெல்லாம் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல "உண்டு, உண்டு" என்று அமுக்கியிருந்தாள். செல்விக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக நகர்த்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அத்தனை நேரம் அவள் வாய் மூடியிருந்ததை அவளைப் பெற்றவளே பார்த்ததில்லை.

மேடம் விடைத்தாளை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். தொண்ணூற்றொன்பது படம் முடிந்தபோது செல்விக்குச் சரியானது தொண்ணூற்று நாலு. மீதி ஒரே ஒரு படம். விடைத்தாளில் அதற்கு நேரே காலியிடம். புதிதாக வந்த படம், இன்னும் யாரும் முடிவு சொல்லாதது என்றார் மேடம். செல்வி அதில் "படம் சரியில்லை" போட்டிருந்தாள். சுந்தரி "சுருள், பட்டை உண்டு" போட்டிருந்தாள்.

ஏன் என்று ரெண்டு பேரிடமும் கேட்டார்.

"பட்டைதான் மேடம்," என்றாள் சுந்தரி. "நல்லாப் பாருங்க, நடுப்பொட்டு வழியா நேரா போகுது. ரெண்டு கையும் அங்கனதான் தொடங்குது."

செல்வி நாற்காலியோடு அம்மா பக்கம் திரும்பினாள். "எம்மா, நீ யாரு பக்கம்?"

"நான் படத்துப் பக்கம். கேட்டாவ, சொல்லுதேன்."

"அது பட்டை இல்ல மேடம்," என்றாள் செல்வி. இந்தத் தடவை வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "பட்டைன்னா கை தொடங்குத இடத்தோட முடிஞ்சிரும். இது முடியலை. ரெண்டு கையையும் தாண்டி வெளிய போகுது. வெளிச்சத்தைக் கூட்டிப் பாத்தா படத்தோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் கிடக்கு. போட்டோ எடுக்கும்போது குறுக்க சாட்டிலைட் போயிருக்கு."

சுந்தரி விடவில்லை. ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். மேடம் படத்தைப் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டினார். சாம்பல் நிறத்தில், தலைமுடி மாதிரி, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. சுந்தரி முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். இடது மூலையைப் பார்த்தாள், வலது மூலையைப் பார்த்தாள். காலையிலிருந்து நடுவையே கொண்டாடிக்கொண்டிருந்ததில் ஓரத்துக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டேமேஜ்தான்," என்றாள். "அவ சொல்லுததுதான் சரி."

மேடம் காலியிடத்தில் எழுதினார். தொண்ணூற்றைந்து. பட்டியலில் பத்தாவது வரியில் இசக்கிச்செல்வி என்று எழுதி, மூடிய பேனாவால் அவளைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: இனிமேல் கபடி இருந்தால் முன்னாலேயே வந்து சொல்ல வேண்டும், ம்? சுந்தரிக்குத் தனியாக ஒரு லாகின் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எத்தனை படம் இருக்கிறது என்று சுந்தரி கேட்டாள். ரெண்டு லட்சம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும் என்றாள் சுந்தரி.

மறுநாள் சனிக்கிழமை என்பதால் செல்வியும் கூடவே ஊருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மாவுக்கு, பக்கத்தில் மகள். ஜங்ஷன் தாண்டும்வரை செல்வி மலை, தொலைநோக்கி, ஸ்வெட்டர் என்று கண்டக்டர் வேகத்தில் பேசிக்கொண்டே வந்தாள். மானூர் வரும்போது திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எம்மா, உண்மையச் சொல்லு. நான் ஜெயிக்கணும்னுதான வேணும்னே தப்பாப் போட்ட?"

சுந்தரி திரும்பிப் பார்த்த பார்வையில் முன் சீட்டுக்காரரே ஒருதரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரிந்தே ஒரு டேமேஜை விட்டுவிடுகிறவள் என்றா பெற்ற மகளே நினைக்கிறாள்? அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த சேலையிலேயே கோடு போட்டுத் திருப்பியவள் அவள். பதில் சொல்லவில்லை. தேவர்குளம் வந்தது, பேசவில்லை. வன்னிக்கோனேந்தலில் செல்வி கடலை மிட்டாய் வாங்கி நீட்டினாள். மிட்டாயை வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

பனவடலிச்சத்திரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே வாய் திறந்தாள்.

"அந்த ஓரத்துக் கோடு எனக்குத் தெரியவே இல்லட்டி. நீ எப்படிப் பாத்த? மொதல்ல எங்கன இருந்து பாக்க ஆரம்பிச்ச?"

செல்வி போனை எடுத்து மடியில் வைத்து, ஒரு படத்தைத் திறந்து, மூலையிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் ரெண்டு தலையும் போன்மேல் முட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் வந்து, "எக்கா, பஸ் ஷெட்டுக்குப் போகுது, நீங்களும் வாரியளா?" என்று கேட்டார்.